அறிக்கையைப் படித்த ஒரே ஆள்

மூன்று முறை தீப்பிடித்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தீயணைப்புக் கருவியால் என்ன பயன் என்று மாப்பிள்ளைக்கு அன்று காலைதான் விளங்கியது. முதலாளி தன் கோட்டை அதில் மாட்டி வைத்திருந்தார்.

"உட்காருங்க மேடம். காபி, டீ?"

"வேண்டாம்," என்றார் அத்தை. "அந்தக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினா சிலிண்டர்ல இருக்கற தேதியைப் பார்ப்பேன்."

கோட்டு நகர்ந்தது. சிலிண்டர் காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. கோட்டு புதுசு.

மாப்பிள்ளைக்கு மட்டும்தான் அவர் அத்தை. மற்றவர்களுக்குக் கத்தரி மேடம். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் தீ விபத்துக் கோரிக்கைகளை வெட்டித் தள்ளியதில் கிடைத்த பட்டம். ஓய்வு பெற்ற மறுநாளே, தீ வைத்தவரைக் கண்டுபிடித்துத் தருவதாகப் போர்டு மாட்டிவிட்டார். அவருக்குக் கார் ஓட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் மகளுக்கோ, வேலை போன கணவன் பகலில் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதுமென்று இருந்தது. இரண்டு பேர் ஆசையும் ஒரே நாளில் நிறைவேறியது. மருமகனை மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்பதில் அத்தை கண்டிப்பானவர். திட்டும்போதுகூட ஒரு 'ங்க' குறையாது.

"விஷயம் ரொம்ப சிம்பிள் மேடம்," என்றார் முதலாளி. "நாலு வாரத்துல மூணு தீ. மூணும் வேணும்னே வச்சது. வச்சவன் யாருன்னும் எனக்குத் தெரியும்."

"அப்ப நாங்க எதுக்கு சார்? கைதட்டவா?" என்றான் மாப்பிள்ளை.

"என் மிஸஸ் பிடிவாதம். யாராவது நிபுணரைக் கூப்பிட்டே ஆகணும்னுட்டா. உங்க நம்பரைத் தேடிக் கொடுத்ததும் அவதான். வீட்டுல நிம்மதி வேணுமே, சரின்னுட்டேன்."

வைத்தவன் என்று அவர் சொன்னது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய டிரைவரை. போன மாதம் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன்.

"எதுக்கு நீக்கினீங்க?" என்றார் அத்தை.

"பெட்டிக் கட்டுகளைப் பின்கதவுகிட்ட அடுக்கச் சொன்னேன். அது அவசர வழி, அடுக்க மாட்டேன்னான். எனக்கே சட்டம் சொல்றான் மேடம். ரெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அவனைக் கூட்டிக்கிட்டு இங்க வர்றார். உங்க ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி இருந்தாப் போதும், உள்ள தள்ளிடலாம்."

"எந்த வரின்னு நீங்களே சொல்லிட்டா எங்க மாப்பிள்ளை டைப் பண்ணிடுவார்."

முதலாளி அதை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டு புன்னகைத்தார்.

இடத்தைச் சுற்றிக் காட்ட வந்தவள் கோந்து அக்கா. பசை போடும் பிரிவில் பதினெட்டு வருடம்; விரல் நுனிகளில் ரேகையே தெரியாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை இருமினாள்.

முதல் தீ, பக்கச்சுவரை ஒட்டிக் கிடந்த குப்பைக் குவியலில். இப்போது அங்கே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டாவது, ஷட்டரில் தபால் போடும் சந்து வழியாக யாரோ எரியும் துணியைச் செருகியது. இப்போது சந்துக்கு உள்பக்கம் இரும்புப் பெட்டி வைத்திருந்தார்கள். எது விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே எரிந்து அணைந்துவிடும். மூன்றாவது, ஜன்னலுக்கு அடியில் அடுக்கியிருந்த மரப்பலகைகளில். இப்போது பலகைகள் கட்டடத்தை விட்டு விலகி, வேலியோரமாகப் பத்தடி தள்ளி நின்றன. பக்கத்தில் புது விளக்கு வேறு.

"தீப்பிடிச்சு இவ்வளவு உருப்பட்ட கம்பெனியை நான் பார்த்ததில்லை," என்றார் அத்தை.

"இன்னும் ரெண்டு தடவை எரிஞ்சா அவார்டே கொடுத்துடுவாங்க அத்தை."

"எத்தனை மணிக்கு எரியும்?" என்று அத்தை கோந்து அக்காவைக் கேட்டார், ஏதோ பஸ் நேரம் விசாரிப்பதுபோல.

"மூணு தடவையும் ஒண்ணு பத்துக்கு. சாப்பாட்டு நேரம். எல்லாரும் முன்னாடி முற்றத்துல இருப்போம்."

"பக்கத்துல ஏதாவது கிடந்துதா?"

"மணல் வாளி." கோந்து அக்கா இருமி முடித்தாள். "மூணு தடவையும். தீயையும் வச்சுட்டு அணைக்க மணலையும் வச்சுட்டுப் போறானே, எவ்வளவு நல்ல மனசுன்னு ரெண்டாவது தடவை சிரிச்சேன்."

"மூணாவது தடவை?"

"அன்னைக்கு முட்டி வலி. வெளிய போகாம மெஷினுக்குப் பின்னாடி படுத்திருந்தேன். ஜன்னல் வழியா புகை வந்து அடைச்சுக்கிச்சு. முன்பக்கம் கண்ணே தெரியல. பின்கதவுக்குத் தவழ்ந்து போனேன்."

"போய்?"

"பூட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வேற என்ன பண்றது?"

மாப்பிள்ளையின் வாயில் தயாராக இருந்த ஜோக் அங்கேயே நின்றது.

"யாரோ வந்து இழுத்துப் போட்டாங்க. அதுல இருந்துதான் இந்த இருமல்."

அந்தப் பின்கதவையும் பார்த்தார்கள். மேலே சிவப்பில் 'அவசர வழி' என்று எழுதியிருந்தது. கீழே இரும்புச் சங்கிலி. சங்கிலியில் நான்கு பூட்டு.

"முதல்ல ஒண்ணுதான் இருந்துச்சு," என்றாள் கோந்து அக்கா. "ஒவ்வொரு தீக்கும் ஒண்ணு ஏத்திட்டாரு. தீ வைக்கிறவன் உள்ள வந்துடக் கூடாதாம்."

"நாப்பது பேரை அட்டையோட சேர்த்து உள்ள வச்சுப் பூட்டிட்டா, தீ வைக்கிறவன் பாவம், வெளியவே நிப்பான்," என்றான் மாப்பிள்ளை. "அடுப்பு சூடா இருக்குன்னு அடுப்புக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்ட மாதிரி."

"நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை. இதோட நிறுத்திக்குங்க."

அத்தை திரும்பிப் போய் முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தீப் பாதுகாப்புக்காக இதற்கு முன் யாரையாவது வைத்து இடத்தைச் சோதித்தது உண்டா?

முதலாளியின் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது. "எட்டு மாசம் முன்னாடியே மேடம். பன்னெண்டு பக்க ரிப்போர்ட். ஒரு எழுத்து விடாமப் படிச்சேன்."

அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து நீட்டினார். அட்டை கனமாக, பளபளப்பாக இருந்தது. அத்தை திறந்தார். உள்ளே காற்று இருந்தது.

"பன்னெண்டு பக்கத்துல எந்தப் பக்கம் ரொம்பப் பிடிச்சுது?" என்றார்.

முதலாளி திருதிருவென்று விழித்தார். "எல்லாமே... முக்கியம்தான் மேடம். யாரோ எடுத்திருக்காங்க. அந்த டிரைவராத்தான் இருக்கும்."

"ஆமா. வேலை போன துக்கத்துல படிக்க ஏதாவது வேணும்ல," என்றான் மாப்பிள்ளை.

காலி அட்டையில் அறிக்கை எழுதிய தீப் பாதுகாப்பு ஆலோசகரின் விலாசம் இருந்தது. பூட்டு-சாவிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் மாப்பிள்ளை வழக்கை முடித்துவிட்டான். "அத்தை, இந்த ஆலோசகர்தான். ரிப்போர்ட் எழுதினார், எவனும் மதிக்கல, கோபம். தானே மூணு இடத்துல கொளுத்தி, 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு வந்து நிக்கப் போறார்."

"ஏறுங்க மாப்பிள்ளை. மாடிப்படி மூச்சு வாங்கும், பேச்சு குறையும்."

ஆலோசகரைப் பார்த்த மறு நிமிடமே மாப்பிள்ளையின் வழக்கு தள்ளுபடியானது. மனிதர் அறையில் கொசுவர்த்திகூடக் கொளுத்த மாட்டார். டீ கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய், பிடுங்கியதுதானா என்று பார்த்துவிட்டு வந்தார். சுவர் முழுக்க அறிக்கைகளின் நகல்கள்.

"இதையெல்லாம் யாராவது படிக்கிறாங்களா?" என்றார் அத்தை.

"பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு போன் மேடம்." அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "ரிப்போர்ட்டைப் படிச்சேன், ஒரு சந்தேகம்னு. அன்னைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிட்டுப் போனேன். அதுவும் நீங்க கேட்கற இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில இருந்துதான்."

நகலை எடுத்துப் பரிந்துரைகளைப் படித்தார். "ஒண்ணு, பக்கச்சுவரை ஒட்டிக் குப்பை சேர விடாதீங்க. ரெண்டு, தபால் சந்துக்கு உள்பக்கம் இரும்புப் பெட்டி. மூணு, மரப்பலகைகளை ஜன்னலை விட்டுத் தள்ளி வச்சு, அந்த இடத்துல விளக்கு போடுங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். அத்தை மட்டும் அசையவில்லை.

"நாலு?"

"பின்கதவுச் சங்கிலியை எடுங்க. தீ வைக்கிறவன் உள்ள வரக்கூடாது, சரி. ஆனா உள்ள இருக்கறவன் வெளிய போக முடியணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு தாழ் இருக்கு. வெளிய இருந்து திறக்காது, உள்ள இருந்து ஒரு தள்ளு தள்ளினாப் போதும். படம்கூடப் போட்டிருக்கேன் பாருங்க."

"அழகா இருக்கு," என்றார் அத்தை. அவர் பாராட்டி மாப்பிள்ளை கேட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. "போன்ல என்ன சந்தேகம் கேட்டாங்க?"

"ஆறாம் பக்கத்துல ஒரு வரி. பூட்டின கதவால உயிர் போனா, இடத்துக்குப் பொறுப்பானவர் பதில் சொல்லணும்னு எழுதியிருந்தேன். பொறுப்பானவர்னா யாருன்னு கேட்டாங்க. உரிமத்துல பேர் இருக்கறவர்னு சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க. அப்புறம் நன்றின்னு வச்சுட்டாங்க."

"ஆணா, பெண்ணா?"

"பெண்."

படியிறங்கும்போதே மாப்பிள்ளை இரண்டாவது வழக்கையும் முடித்தான். "கோந்து அக்கா. கதவு திறக்கணும்னு அவங்களைவிட யாருக்கு ஆத்திரம் இருக்கும்? வரிசையா ஒவ்வொரு இடமா கொளுத்தி, ஒவ்வொண்ணா சரி பண்ண வச்சிருக்காங்க."

"பாதி சரி மாப்பிள்ளை. அதுவே எனக்கு ஆச்சரியமா இருக்கு. ஆனா தானே வச்ச தீயில போய் யாராவது முட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பாங்களா? உள்ள ஆள் இருக்கறது தெரியாதவங்கதான் வச்சிருக்கணும்." காரில் ஏறியதும் சொன்னார், "வரவேற்பறையில உரிமத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாங்களே. யார் பேர்ல இருக்கு?"

"வேற யார் பேர்ல இருக்கும் அத்தை, முதலாளி பேர்லதான்."

"படிச்சீங்களா?"

இல்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் பெரிய பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்று நின்றது. திரும்பி வந்ததும் அவன் முதல் வேலையாக அதை நகர்த்திவிட்டுப் படித்தான். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

"இது யாரு?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணைக் கேட்டான்.

"எங்க சாரோட மிஸஸ். ஆரம்பத்துல ஏதோ வரி விஷயமா அவங்க பேர்ல எழுதினாங்களாம். பேருக்குத்தான் சார்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஒரு மணி ஆகப் போகுதே. சாருக்குச் சாப்பாடு கொண்டு வருவாங்க. தினமும் வருவாங்க."

மாடிப்படித் திருப்பத்தில் அவளைப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் சாப்பாட்டுப் பை. அத்தையைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயம் வரும் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தான். வந்தது நிம்மதி. அது அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"நாலாவது பரிந்துரைக்குத் தீக்குப் பதிலாத்தானேம்மா என்னைக் கூப்பிட்டீங்க?" என்றார் அத்தை.

அவள் பையைப் படியில் வைத்தாள். "எட்டு மாசமா சொன்னேன் மேடம். அந்த ரிப்போர்ட்டை அட்டையில இருந்து எடுத்துக் கொடுத்தேன், படிச்சுக் காட்டினேன். உனக்கு என்ன தெரியும், சாப்பாட்டை வைன்னார். ஒரு நாள் குப்பையில வச்சேன். மறுநாளே குப்பையை எடுத்துட்டார். இவருக்குச் சொன்னாப் புரியாது, சுட்டாப் புரியும்னு..." நிறுத்தினாள். "எல்லாரும் வெளிய இருக்கற நேரம் பார்த்து, மணலையும் வச்சுட்டுத்தான் பண்ணினேன்."

"மூணாவதுல ஒரு ஆள் உள்ள இருந்தாங்க."

"தெரியாது மேடம். சத்தியமாத் தெரியாது."

"தீக்கும் தெரியாதும்மா. அதுக்கு நீங்க போட்ட நேர அட்டவணையும் தெரியாது, உங்க நல்ல எண்ணமும் தெரியாது." அத்தையின் குரலில் கிண்டல் துளிக்கூட இல்லை. "இருபத்தாறு வருஷம் எரிஞ்ச இடங்களைப் பார்த்திருக்கேன். கொஞ்சமா எரியட்டும்னு வச்சவங்கதான் அதுல பாதிப் பேர்."

"நான் வச்ச ஒவ்வொரு தீக்கும் அவர் அந்தக் கதவுல ஒரு பூட்டை ஏத்தினார் மேடம். எதைத் திறக்கணும்னு பண்ணினேனோ அதையே நாலு மடங்கு பூட்ட வச்சுட்டேன். அந்த அக்கா இருமறது மேல வரைக்கும் கேட்குது. அதான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன்."

"ரெண்டு மணிக்கு அந்த டிரைவரைக் கொண்டு வர்றாங்க. தெரியுமா?"

தெரியாது. வீட்டில் அவளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொல்லப் போறதில்லை," என்றார் அத்தை. "நீங்க சொல்லணும். முதல்ல அந்த அக்காகிட்ட."

அவள் எழுந்து போனாள். பசை வாடை அடிக்கும் அந்த ஹாலில் அவள் குனிந்து பேசியதை மாப்பிள்ளை தூரத்திலிருந்து பார்த்தான். கோந்து அக்கா கேட்டு முடித்தாள். திட்டவில்லை, அழவில்லை. இவளைப் பார்க்காமல் கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல கதவைத் திற," என்றாள். "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே அந்த டிரைவர். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. முதலாளியின் அறையில் எல்லாரும் கூடினார்கள்.

"சொல்லுங்க மேடம்," என்றார் முதலாளி, டிரைவரைப் பார்த்துக்கொண்டே. "தீ வச்சது யாரு?"

"இந்த இடத்தோட முதலாளி."

முதலாளியின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. "என்ன மேடம் பேசறீங்க? நானா? என் இடத்துக்கு நானே தீ வைப்பேனா?"

"உங்களை யார் சொன்னாங்க?" என்றான் மாப்பிள்ளை. கீழே இருந்து கழற்றி வந்த உரிமத்தைக் கண்ணாடியோடு மேஜையில் வைத்தான். "நீங்க இங்க சாப்பிடத்தானே வர்றீங்க."

இன்ஸ்பெக்டர் பெயரைப் படித்தார். கதவோரம் நின்றவள் ஓரடி முன்னே வந்தாள்.

"நான்தான் சார். மூணும் நான்தான். இவருக்கு இதுல சம்பந்தமே இல்லை," என்று டிரைவரைக் காட்டினாள்.

முதலாளிக்குப் பேச்சு வர அரை நிமிடம் ஆனது. வந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. "உனக்குப் பைத்தியமா? எட்டு மாசமா கதவு, கதவுன்னு நச்சரிக்கும்போதே நினைச்சேன்..."

"எழுதிக்குங்க சார்," என்றார் அத்தை இன்ஸ்பெக்டரிடம். "எட்டு மாசமா அவருக்குத் தெரியுமாம்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடினார். "இதுல புகார் கொடுக்க வேண்டியது இடத்தோட உரிமையாளர். அவங்கதான் குற்றவாளியும். எனக்கு இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை."

"என்கிட்ட புகார் இருக்கு."

வாசலில் கோந்து அக்கா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஹாலில் இருந்த நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"புகை போட்ட இவங்க மேலயும் இருக்கு. பூட்டுப் போட்ட அவர் மேலயும் இருக்கு. ரெண்டையும் சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்க."

சாவி தேடினார்கள். இரண்டு கிடைத்தது. மூன்றாவது வீட்டில். நான்காவது எங்கே என்று முதலாளிக்கே தெரியவில்லை. டிரைவர்தான் பழைய கருவிப் பெட்டியிலிருந்து நீளக்கைக் கட்டரை எடுத்து வந்தான். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். இரண்டு வெட்டு. சங்கிலி தரையில் விழுந்தது.

கதவு இரண்டு சாண் திறந்து, எதிலோ டம் என்று இடித்து நின்றது.

மாப்பிள்ளை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். "அத்தை, வெளிய ஒரு கார் நிக்குது. புதுசு. சார், இது உங்களுதுதானே?"

வெயில் படாத இடம் அது ஒன்றுதானாம். வரவேற்பில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்.

"மாப்பிள்ளை," என்றார் அத்தை, "நீங்க வந்ததுல இருந்து வாயால மட்டும்தான் வேலை செஞ்சிருக்கீங்க. சுத்திப் போய்க் கொஞ்சம் தள்ளுங்க."

அவனும் டிரைவரும் இன்னும் நாலு பேரும் தள்ளினார்கள். கார் நகர்ந்தது. கதவு முழுசாகத் திறந்து சுவரில் போய் அறைந்தது. ஹாலுக்குள் விழுந்த வெளிச்சத்தில் அட்டைத் தூசி பறப்பது தெரிந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை, யாரும் இடிக்கவில்லை. அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலாளியின் மனைவி கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் போகும்வரை அங்கேயே நின்றாள்.

"ஒண்ணரை நிமிஷம்," என்றார் அத்தை, யாருக்கென்று இல்லாமல்.

வெளியே, மதிலை ஒட்டி ஒரு பெரிய மரம். அடர்ந்த நிழல். அதன் கீழே கல் ஒன்று யாரும் உட்காராமல் பாசி பிடித்துக் கிடந்தது. கோந்து அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் அதில் உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"பதினெட்டு வருஷமா இதுக்கு இந்தப் பக்கம் மரம் இருக்கறதே எனக்குத் தெரியாது," என்றாள்.

இன்ஸ்பெக்டர் கதவுவரை வந்து, உள்ளே கையைக் காட்டி, ஆபீஸ் ரூமுக்குப் போய் எழுதிவிடலாமா என்று கேட்டார்.

"இங்கயே எழுதுங்க சார்," என்றாள் கோந்து அக்கா. "நான் மெதுவாத்தான் சொல்லுவேன்."